கடலுக்குப் போகாத தண்ணீர்

ஆப்பிரிக்கா என்றதும் மெல்லிய பருத்திச் சுடிதார்களாகப் பார்த்துப் பெட்டியில் அடுக்கியிருந்தேன். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பற்கள் தந்தியடித்தன. மேகம் கையெட்டும் உயரத்தில் நின்றது. தூறல் ஊசி மாதிரிக் குத்தியது. பக்கத்தில் கந்தசாமி அண்ணன் பெட்டியைத் திறந்து, ஒரு பனியனுக்கு மேல் இன்னொரு பனியனை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மேடம், நாம எத்தியோப்பியாவுக்குத்தான் வந்திருக்கறமுங்களா? ஊட்டியாட்டம் இருக்குதுங்களே!"

ஊட்டியைவிட உயரமான ஊர் அது. சுற்றியிருந்த மலைகளில் தைல மரங்கள்கூட ஊட்டி மாதிரியே நின்றன. முதுகு வளைய விறகுச் சுமையோடு பெண்கள் அந்த மலைகளிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

திருப்பூரில் சாயப்பட்டறை ஆய்வகங்களில் நான் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். துணிக்குப் போகும் தண்ணீரையும், துணியிலிருந்து வரும் தண்ணீரையும் சோதிப்பது என் வேலை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து அப்பா அம்மாவோடு ஆறு வயதில் பனியன் கம்பெனிக்காக வந்து சேர்ந்தவள். கந்தசாமி அண்ணன் எங்கள் பட்டறையின் மெக்கானிக். சாமளாபுரத்துக்காரர். விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவிலேயே வளர்ந்ததால் பக்கத்தில் இருப்பவரிடமும் கத்தித்தான் பேசுவார்.

எங்கள் முதலாளிக்கு எத்தியோப்பியாவில் ஒரு ஏரிக்கரையில் சாயப்பட்டறை போட யோசனை. "தண்ணிய மட்டும் பாத்துட்டு வாங்க மேடம். மிச்சத்த நாங்க பாத்துக்கறமுங்க" என்று அனுப்பியிருந்தார். தண்ணீருக்கு நான், இடத்துக்கும் கரண்டுக்கும் கந்தசாமி அண்ணன்.

எங்களுக்கு அமர்த்தியிருந்த ஓட்டுநரின் பெயர் கெமச்சு. நாற்பது வயது இருக்கும். நன்றாக ஆங்கிலம் பேசினார். நாங்கள் பார்க்கப்போகும் ஏரிப் பக்கம்தான் அவர் பிறந்த ஊர். முதல் வேளையே எங்களைச் சாப்பிட அழைத்துப்போனார். புளித்த மாவில் வார்த்த, மேலெல்லாம் ஓட்டை விழுந்த, தாம்பாளம் அகலத்துக்கு ஒரு தோசை. அதன் மேலேயே கடலைமாவுக் குழம்பும் கீரையும். மூவருக்கும் ஒரே தட்டு. கெமச்சு ஒரு பெரிய கவளத்தைச் சுருட்டி, கந்தசாமி அண்ணன் வாயருகே நீட்டினார். அண்ணன் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார்.

"விருந்தாளிக்கு ஊட்டிவிடுவது எங்கள் வழக்கம். சிறிய கவளம் கொடுத்தால் அன்பு குறைவு என்று அர்த்தம்" என்றார் கெமச்சு.

அண்ணன் கண்களை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். "மூணு நாள் புளிச்ச மாவுங்க மேடம். ஆனா நல்லாத்தான் இருக்குதுங்க" என்று மென்றபடியே கத்தினார். பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பயணத்தில் நாங்கள் மனம்விட்டுச் சிரித்தது அந்த ஒரு வேளைதான்.

மறுநாள் காலை கீழே இறங்கத் தொடங்கினோம். "நேற்று நீங்கள் படுத்தது மொட்டைமாடி. இன்று கீழ்வீட்டுக்குப் போகிறோம்" என்றார் கெமச்சு. அது சரிதான். மழையை எல்லாம் மேட்டுநிலம் பிடித்துக்கொள்கிறது. காது அடைத்து அடைத்துத் திறக்க, ஜீப் இறங்க இறங்கப் பச்சை வெளுத்தது. தைல மரம் போய்க் குடை விரித்த வேல மரங்கள் வந்தன. குளிர் போய்ப் புழுக்கம் வந்தது. அண்ணன் இரண்டு பனியன்களில் ஒன்றைக் கழற்றினார். இடப்பக்கமும் வலப்பக்கமும் வெகுதூரத்தில் மலைகள் சுவர் எடுத்த மாதிரி நின்றன. நடுவில், இந்தக் கண்டமே பிளந்து விலகிக்கொண்டிருக்கிற பள்ளத்தாக்கு. ஏரிகள் அதில் சங்கிலியாகக் கிடக்கின்றன என்று வரைபடத்தில் பார்த்திருந்தேன்.

சாலையோரம் முழுக்கக் கரி மூட்டைகள். வேல மரத்தை வெட்டி, மண்ணுக்குள் மூடி எரித்து எடுத்த கரி. லாரிகள் நின்று நின்று ஏற்றிக்கொண்டு மேலே நகரத்துக்குப் போயின. மூட்டைகளுக்குப் பின்னால், அடிமரக் கட்டைகள் மட்டும் நிற்கும் வெட்டவெளி.

மதியத்துக்கு முன் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. இறங்கிப் போய்ப் பார்த்தோம். முந்தின நாள் மழையில் சாலை பிளந்திருந்தது. பள்ளம் இல்லை, பிளவு. வயலில் எங்கோ தொடங்கி, தார்ச்சாலையைக் குறுக்கே கிழித்துக்கொண்டு, அந்தப் பக்கத்து வயலில் ஓடி மறைந்தது. ஒரு லாரியின் முன்சக்கரம் அதற்குள் தொங்கியது. கந்தசாமி அண்ணன் விளிம்பில் குந்தி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பாறையே காணமுங்க. நம்மூர்ல ரெண்டடி தோண்டுனாக் கருங்கல்லு. இங்க என்னுங்க, சாம்பலாட்டம் போயிட்டே இருக்குது?"

சாம்பல்தான். எரிமலைச் சாம்பல். கையில் எடுத்த கல் பஞ்சு மாதிரி எடையில்லாமல் இருந்தது. நம்மூரில் பாறையை ஆயிரம் அடி குடைந்தாலும் புழுதிதான் வருகிறது. இங்கே காலடியில் நிலமே நிலையில்லை.

"பூமி இங்கே பிரிகிறது, ஒருநாள் கடல் உள்ளே வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம்" என்றார் கெமச்சு.

"எப்பங்க வரும்?" அண்ணன் உண்மையாகவே பயந்து கேட்டதை நான் மொழிபெயர்த்தேன்.

"உங்கள் தொழிற்சாலை வருவதற்கு முன்னால் வராது."

வயல் வழியாகச் சுற்றிப் போகப் பார்த்து ஜீப் சேற்றில் புதைந்தது. பக்கத்து வயல்காரர்கள் இரண்டு ஜோடி மாடுகள் பூட்டி இழுத்தார்கள். மூன்று மணி நேரம் போனது. இழுத்தவர்கள் சிரித்தபோதுதான் கவனித்தேன். எல்லாருடைய பல்லிலும் பழுப்புப் பட்டைகள். வெற்றிலைக் கறையாக இருக்கும் என்று நினைப்பதற்கு அங்கே வெற்றிலை கிடையாது. தர்மபுரிப் பக்கத்திலிருந்து எங்கள் பட்டறைக்கு வரும் சில பிள்ளைகளுக்கு அப்படிப் பல் உண்டு. ஆனால் இந்த அளவுக்குப் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் ஏரி. கரையே எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வெள்ளையாக ஒரு பொருக்கு, கால் வைத்தால் நொறுங்கியது. அதற்கு அப்பால் சேறு, அதற்கும் அப்பால் தகரம் மாதிரி மின்னும் தண்ணீர். "நான் சின்னப் பையனாக இருந்தபோது தண்ணீர் இந்த மரத்தடி வரை நின்றது. பறவைகள் இளஞ்சிவப்பாக மூடிக் கிடக்கும்" என்று கெமச்சு காட்டிய மரத்திலிருந்து தண்ணீர் வரை நடக்க எங்களுக்கு அரைமணி நேரம் ஆனது.

அண்ணன் வெள்ளைப் பொருக்கைக் கிள்ளி நாக்கில் வைத்துவிட்டுக் குதித்தார். "மேடம், சோடா உப்புங்க! நாம மூட்டை மூட்டையா வாங்குறது. இங்க சும்மா கெடக்குதுங்க!"

துணியில் சாயம் ஒட்ட அந்த உப்பைத்தான் நாங்கள் கொட்டுவோம். அவருடைய சந்தோஷம் எனக்குப் புரிந்தது. ஆனால் நான் பார்த்தது வேறு. மலையிலிருந்து ஆறுகள் இந்த ஏரிக்குள் இறங்குகின்றன. வெளியே போக ஓர் ஓடைகூட இல்லை. இங்கிருந்து தண்ணீரை எடுத்துப்போவது வெயில் மட்டும்தான். தண்ணீர் போகும், தண்ணீர் கொண்டுவந்தது போகாது. இதற்குள் ஒரு குடம் சாயத்தண்ணீரை ஊற்றினால் அது என்றைக்கும் இங்கேயேதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், வேறொரு பட்டறையில், மழை பெய்யும் நாளுக்காகக் காத்திருந்து சாயக்கழிவுத் தொட்டியின் வால்வைத் திறந்துவிடுவார்கள். நொய்யல் சிவப்பாக, நீலமாக ஓடும். வெள்ளம் வந்து கீழே தள்ளிவிடும் என்று எங்களுக்குள் ஒரு சமாதானம். அது கீழே யாருடைய வயலில், யாருடைய கிணற்றில் போய் நின்றது என்று நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. அளவுகளைப் பதிவேட்டில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றேன். இந்த வெள்ளைக் கரையில் நின்றபோது அந்தச் சமாதானத்துக்குக்கூட இடமில்லை என்று தெரிந்தது.

பட்டறைக்கென்று பார்த்து வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். புல் வேய்ந்த வட்டக் குடிசைகள். ஊருக்கு நடுவில் ஓர் அடிபம்பு, சுற்றிலும் மஞ்சள் கேன்களோடு பெண்கள். நிலத்தடித் தண்ணீர் எப்படி என்று பார்க்க அதிலும் ஒரு பாட்டில் பிடித்தேன். குளியலுக்குக் காய்ச்சிய மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. பூமிக்குள் நெருப்பு அவ்வளவு பக்கத்தில்.

கேனை முதுகில் கட்டிக்கொண்டு ஒருத்தி எனக்கு முன்னால் போனாள். இடுப்பிலிருந்து முன்னால் மடிந்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினாள். அறுபது வயது என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தபோது முப்பது தாண்டாது. பெயர் சால்ட்டு. பக்கத்தில் எட்டு வயதில் ஒரு பெண்பிள்ளை, முழங்கால்கள் இரண்டும் வெளியே வளைந்து, வாத்து நடை நடந்தது. அவள் மகள்.

சால்ட்டு என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்துக் கெமச்சுவிடம் ஏதோ கேட்டாள்.

"முன்னால் இரண்டு தடவை ஆட்கள் வந்து பாட்டிலில் பிடித்துப் போனார்களாம். பதில் சொல்ல யாரும் திரும்ப வரவில்லையாம். நீங்களாவது இங்கே வந்து சொல்வீர்களா என்று கேட்கிறாள்."

"நாளைக்குக் காலையில் சொல்கிறேன்" என்றேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

அன்று பிற்பகல் தங்கும் விடுதியின் வராந்தாவில் சோதனைப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தேன். பம்புத் தண்ணீர், ஏரித் தண்ணீர், ஊருக்கு வெளியே ஆடுமாடு இறங்கும் மழைக்குட்டைத் தண்ணீர். புளோரைடு பார்க்கும் மருந்து நல்ல சிவப்பு. தண்ணீரில் புளோரைடு இருந்தால் அந்தச் சிவப்பு வெளுக்கும். பம்புத் தண்ணீரில் விட்டதும் சாயம்போன துணி மாதிரி வெளிறிவிட்டது. நல்ல தண்ணீரில் கலந்து கலந்து பார்த்தேன். அப்போதும் வெளுத்தது. இந்த எரிமலை மண்ணில் ஊறி, சூட்டில் வெந்து வரும் தண்ணீர். பற்களையும் எலும்பையும் தின்னும் தண்ணீர்.

கெமச்சு காப்பியும், தொட்டுக்கொள்ளச் சோளப்பொரியும் கொண்டுவந்து வைத்தார். கண்ணாடிக் குழாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றவர், மெதுவாகச் சொன்னார்.

போன வருடம் பாட்டில் பிடிக்க வந்தவர்களில் ஒருவன், போகும்போது சால்ட்டுவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான்: இந்தத் தண்ணீர் எலும்பை வளைக்கும், பிள்ளைகளுக்குக் கொடுக்காதே என்று. பெரியவளின் கால் வளைந்தது அவள் கண்ணெதிரே. கைப்பிள்ளை ஒன்று இருந்தது. அதையாவது காப்பாற்றலாம் என்று பம்பை விட்டுக் குட்டைத் தண்ணீரைக் கொடுத்தாள். அந்த மழைக்காலத்திலேயே பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. நான்கே நாளில் போய்விட்டது.

"மாமியார் அதற்குப் பிறகு அவளோடு பேசுவதில்லை. நல்ல பம்பு இருக்க, எவனோ சொன்னதைக் கேட்டுப் பிள்ளையைக் கொன்றுவிட்டாள் என்றுதான் ஊரே சொல்கிறது. நாளைக்கு நீங்கள் எதைச் சொன்னாலும் அது அவள் தலையில்தான் விழும்."

கந்தசாமி அண்ணனுக்குத் தமிழில் சொன்னேன். முதல்முறையாக அவர் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சொல்லாமப் போயிரலாமுங்க மேடம். நாம வந்தது ஏரித்தண்ணி பாக்கறதுக்குத்தானுங்க. ஒரு வாரம் நம்மளத் திட்டிப்போட்டு மறந்துருவாங்க. நாம சொல்லிப்போட்டுப் போனா, அப்பறம் அவிய எதைக் குடிப்பாங்க?"

எனக்கும் போய்விடலாம் என்றுதான் இருந்தது. "இவ்வளவு நாளும் நான் அப்படித்தாண்ணே இருந்திருக்கேன்" என்றேன்.

மறுநாள் வேல மரத்தடியில் முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். பெரும்பாலும் பெண்கள். முன்வரிசையில் உயரமாக ஒரு கிழவி கைத்தடியோடு உட்கார்ந்திருந்தாள். அதுதான் மாமியார். சால்ட்டு தள்ளி, மகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாயால் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது என்று, ஜீப்பின் முன்பக்கத்தில் இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைத்தேன். ஒன்றில் பம்புத் தண்ணீர், ஒன்றில் குட்டைத் தண்ணீரை வடிகட்டித் தெளிய வைத்தது. இரண்டிலும் சிவப்பு மருந்தை விட்டேன். பம்புத் தண்ணீரில் சிவப்பு அவர்கள் கண்ணெதிரே வெளுத்தது. குட்டைத் தண்ணீரில் அப்படியே நின்றது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது.

"இந்தச் சிவப்பை வெளுக்க வைத்ததுதான் உங்கள் பல்லையும் எலும்பையும் தின்கிறது. வளரும் பிள்ளைகளைத்தான் அதிகம் பிடிக்கும்" என்றேன்.

மாமியார் கேட்டாள். "அப்படியானால் குட்டைத் தண்ணீர் நல்லதா?"

"இல்லை. அதில் இது இல்லை. ஆனால் வயிற்றுப்போக்கு தரும் கிருமி இருக்கிறது. நன்றாகக் கொதிக்க வைத்தால்தான் குடிக்கலாம்."

"எதை வைத்துக் கொதிக்க வைப்பது?" பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். "மரமெல்லாம் கரியாகிப் போய்விட்டதே."

"மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்கலாம்."

"எங்கள் கூரை புல். தகரத்துக்கு எங்கே போவது?"

வடிகட்டும் முறைகள் உண்டு, மாட்டெலும்பைக் கரியாக்கிக்கூடச் செய்கிறார்கள், அரசாங்கத்திடம் கேளுங்கள் என்று ஏதேதோ சொன்னேன். என் காதுக்கே அது பாட்டில் பிடித்துப் போனவர்களின் பேச்சு மாதிரி இருந்தது.

அப்போது சால்ட்டு வாயைத் திறந்தாள். நேராக என்னைப் பார்த்து ஒரே கேள்வி. கெமச்சு சொன்னார்: "நான் செய்தது தப்பா என்று கேட்கிறாள்."

நான் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "பம்பைப் பற்றி நீ நினைத்தது சரி. குட்டையைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்க வேண்டியவன் பாதியைச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். தப்பு அவனுடையது."

கெமச்சு அதை மொழிபெயர்க்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். மாமியார் தடியை ஊன்றி எழுந்து வந்தாள். வெளுத்த டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு யாரிடமும் என்றில்லாமல் ஏதோ சொன்னாள்.

"இந்தப் பம்பு போட்ட அன்றிலிருந்து, வீட்டில் எல்லாருக்கும் இதை ஊற்றிக் கொடுத்தது நான்தான் என்கிறாள்" என்றார் கெமச்சு.

அவள் அழவில்லை. டம்ளரை வைத்துவிட்டு நடந்தாள். சால்ட்டுவின் முன்னால் வந்ததும் நின்றாள். பேசவில்லை. பேத்தியின் தலையில் கை வைத்துவிட்டுப் போனாள்.

கிளம்புவதற்கு முன் சால்ட்டு எங்களைக் குடிசைக்குள் உட்காரவைத்துக் கொட்டை வறுத்து, இடித்து, காப்பி போட்டுக் கொடுத்தாள். தண்ணீர் பம்புத் தண்ணீர்தான். வேறு என்ன இருக்கிறது? அண்ணன் கோப்பையையும் என்னையும் பார்த்தார்.

"ஒரு வாய் குடிச்சா ஒண்ணும் ஆகாதுங்களே மேடம்?"

"ஆகாதுண்ணே."

குடித்து முடித்த பிறகு அவருக்கு வெட்கமாகிவிட்டது. "கேட்டிருக்கக் கூடாதுங்க. இவிய தெனமும் குடிக்கறாங்க" என்று ஜீப்பில் ஏறும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

திருப்பூருக்கு வந்ததும் அறிக்கையை எழுதிக் கொடுத்தேன். அந்த ஏரிக்கு வெளியேறும் வழி கிடையாது, அங்கே சாயப்பட்டறை கூடாது என்று முதல் வரியிலேயே எழுதினேன். முதலாளி படித்துவிட்டுச் சிரித்த முகமாகவே சொன்னார். "நீங்க எழுதுனது சரியாத்தானுங்க இருக்கும் மேடம். எதுக்கும் இன்னொருத்தர அனுப்பிப் பாத்துக்கறமுங்க." பட்டறை இன்றுவரை அங்கே போகவில்லை. ஆனால் அது என் அறிக்கையால் இல்லை. அந்த நாட்டில் இயந்திரம் இறக்குமதி செய்ய டாலர் கிடைக்கவில்லை என்று கைவிட்டார்கள். நிலைமை மாறினால் மறுபடி போவார்கள்.

ஐந்து மாதம் கழித்துக் கெமச்சு ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தார். மதிய உணவு நேரத்தில், ஆய்வக வாசலில் நின்று கேட்டேன்.

நாங்கள் கிளம்பி வந்த பிறகு ஊர்ப் பெண்கள் அரசு அலுவலகத்துக்குப் போய் முறையிட்டார்களாம். ஆட்கள் வந்தார்கள். பம்பின் கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, வேறு ஏற்பாடு செய்கிறோம் என்று சொல்லிப் போனார்கள். அதோடு சரி. ஊர் மொத்தமும் குட்டைக்கு இறங்கியது. விறகு இருந்தவர்கள் கொதிக்க வைத்தார்கள். இல்லாதவர்கள் அப்படியே குடித்தார்கள். இரண்டு பிள்ளைகள் இறந்துபோயின.

செய்தி முடியவில்லை.

ஒருநாள் சால்ட்டுவும் மாமியாரும் இன்னும் சில பெண்களும் ஓர் இரும்புக் கம்பியைக் கொண்டுபோய், பம்பில் கைப்பிடிக்குப் பதிலாக மாட்டிவிட்டார்களாம். கிடைக்கிற விறகையெல்லாம் சேர்த்து, ஒரே அடுப்பில், ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் குட்டைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார்கள். முறை போட்டு அடுப்பைக் கவனிக்கிறார்கள். அதில் பெரியவர்கள் ஒரு வாய் எடுக்கக்கூடாது என்று கட்டுப்பாடு. பெரியவர்களுக்குப் பம்புத் தண்ணீர்.

"எங்கள் எலும்பு எப்படியும் போய்விட்டது, இனி அந்தத் தண்ணீர் எங்களை என்ன செய்யும், அந்த அக்காவிடம் சொல்லிவிடு என்றாள் சால்ட்டு. நாங்கள் செய்வது சரிதானா என்றும் கேட்கச் சொன்னாள்."

அதை இரண்டு தடவை கேட்டேன். கந்தசாமி அண்ணன் டிபன் பாக்ஸோடு வந்தார். அவருக்கும் போட்டுக் காட்டி, அர்த்தம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சாப்பிடாமல், திறந்த மூடியை மறுபடி மூடினார்.

"என்னன்னுங்க பதில் சொல்லுவீங்க?"

பெரியவர்களும் பம்புத் தண்ணீரைக் குடிக்கக்கூடாது, நடக்க முடியாமல் போய்விடும் என்று முதலில் தட்டினேன். அதற்குப் பதிலாக எதைக் குடிப்பது என்று எழுத வந்தபோது விரல் நின்றது. எழுதியதை அழித்தேன்.

"சரிதான்" என்று அனுப்பினேன்.